முன் அனுமதியின்றி ஒத்துப்போனது

பெரிய மாப்பிள்ளை இருபத்தொரு வருஷமாக மூளைச் செல்களை எண்ணிக்கொண்டிருந்தார். மாமியார் வீட்டில்தான் அவர் பெரிய மாப்பிள்ளை. மூளை ஆய்வு நிலையத்தில் அவர் வெட்டுப் பிரிவின் எண்ணுநர். இரண்டு இடத்திலும் அவருக்குப் பின்னால் வந்து சேர்ந்தவர் ஒரே ஆள்தான். மாமியார் வீட்டில் சின்ன மாப்பிள்ளை, நிலையத்தில் கரைப்புப் பிரிவின் எண்ணுநர். மனைவியின் தங்கையைக் கட்டியவர், ஆக சகலை. இந்த வேலைக்கு விண்ணப்பப் படிவம் வாங்கி வந்து சகலையிடம் கொடுத்ததே பெரிய மாப்பிள்ளைதான். அதை அவர் யாரிடமும் சொல்லிக்காட்டியதில்லை. தனக்குத்தானே மட்டும் தினமும் ஒரு தடவை சொல்லிக்கொள்வார்.

வெட்டுப் பிரிவின் வேலை பொறுமையைச் சோதிக்கிற வேலை. எலியின் மூளையை மருந்தில் ஊறவைத்து இறுக வைத்து, வெங்காயச் சருகைவிட மெல்லியதாகச் சீவி, கண்ணாடிச் சில்லில் ஒட்டி, நீலச் சாயம் ஏற்றி, நுண்ணோக்கியின் கீழே வைத்துக் கட்டம் கட்டமாக எண்ண வேண்டும். கட்டத்தின் மேல் கோட்டையும் வலது கோட்டையும் தொடுகிற செல் கணக்கில் சேரும். மற்ற இரண்டு கோடுகளைத் தொட்டால் சேராது. எல்லாச் சில்லையும் எண்ண ஒரு ஆயுசு போதாது என்பதால் முறைப்படி சிலவற்றை எடுத்து எண்ணிப் பெருக்குவார்கள். அப்படியும் ஒரு மூளைக்கு நாற்பது நாள் ஆகும்.

கரைப்புப் பிரிவில் மூளையைக் கண்ணாடிக் குழலில் போட்டு, சோப்பு நீர் போன்ற ஒன்றை ஊற்றி, கண்ணாடிக் குழவியால் அரைத்துவிடுவார்கள். செல்லெல்லாம் கரைந்து அதனதன் உட்கரு மட்டும் மிதக்கும். செல்லுக்கு ஒரு உட்கரு. ஒளிரும் சாயம் சேர்த்து, சீராகக் குலுக்கி, ஒரு சொட்டில் எத்தனை இருக்கிறது என்று பார்த்துப் பெருக்கினால் தீர்ந்தது. ஒரு மூளைக்கு ஒரு மத்தியானம்.

"சின்ன மாப்பிள்ளை ஒரே மத்தியானத்துல முடிச்சிடறாராமே" என்று மாமியார் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் சாதாரணமாகத்தான் சொன்னார். பெரிய மாப்பிள்ளை கையிலிருந்த கவளத்தைத் தட்டில் வைத்தார். தான் செய்வது வேறு, அது செதுக்கி எடுக்கிற வேலை, இது அரைத்துக் குடிக்கிற வேலை என்று விளக்க வாயைத் திறந்தார். அதற்குள் மாமியார் சின்ன மாப்பிள்ளைக்கு இரண்டாம் தடவை பரிமாறப் போய்விட்டார். சகலையின் தலையில் இன்னும் முடி இருந்தது. சகலையின் வண்டி ஒரே உதையில் கிளம்பியது. சகலையின் பிரிவுக்குச் சன்னல் இருந்தது. இதையெல்லாம் பெரிய மாப்பிள்ளை கவனிப்பதே இல்லை என்றுதான் அவரும் நினைத்துக்கொண்டிருந்தார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது நிலையத்தைப் பார்க்க வெளியிலிருந்து ஒரு அறிஞர் வந்தார். ஆண்டறிக்கையைப் புரட்டியவர், பன்னிரண்டாம் பக்கத்தில் எலி மூளையின் ஒரு பாதிக்குப் பதினைந்து கோடி செல் என்று இருக்கிறதே, நாற்பதாம் பக்கத்தில் பதினேழரைக் கோடி என்று இருக்கிறதே, எது சரி என்று மரியாதையாகக் கேட்டார். இயக்குநர் ஒரு கணம்கூடத் தடுமாறாமல் இரண்டும் எங்களுடையதுதான் என்று பதில் சொன்னார். அறிஞர் சிரித்துவிட்டுப் போனார். அந்தச் சிரிப்பு இயக்குநருக்கு மூன்று நாள் கழித்துத்தான் உறைத்தது. நாலாம் நாள் ஒப்பீட்டுக் குழு அமைக்கப்பட்டது.

இரண்டு முறைகளையும் ஒப்பிட்டு ஒன்றைத் தேர்ந்தெடுப்பது குழுவின் பணி. தோற்ற பிரிவு மூடப்படும். அதன் எண்ணுநர் வாசலில் நுழைவுச் சீட்டு வழங்கும் சன்னலுக்கு மாற்றப்படுவார். ஆணையைப் படித்த பெரிய மாப்பிள்ளையின் கண்முன் ஒரு காட்சி வந்து நின்றது. தான் அந்தச் சன்னலுக்குள் உட்கார்ந்திருக்கிறார். சகலையைப் பார்க்கப் பெரிய மனிதர்கள் வரிசையில் நிற்கிறார்கள். யாரைப் பார்க்க வேண்டும் என்று தான் கேட்க, அவர்கள் சகலையின் பெயரைச் சொல்கிறார்கள். தான் அதைத் தன் கையால் எழுதுகிறார்.

முதல் கூட்டத்தில் இயக்குநர் எழுந்து பேசினார்.

"நான் இதுவரைக்கும் ஒரு செல்லைக்கூட நேரில் பார்த்தது கிடையாது. அதனால் இந்த விஷயத்தில் எனக்கு எந்தச் சார்பும் இல்லை. இந்த நிலையத்தில் இவ்வளவு காலம் பணியாற்றியும் இப்படி நடுநிலை காத்த வேறொருவர் இல்லை என்பதால், குழுவின் தலைவராக என்னை நானே முன்மொழிகிறேன்."

நிர்வாக அதிகாரி வழிமொழிந்தார். அவரும் செல்லைப் பார்த்ததில்லை. ஆனால் பார்த்துவிடுவோமோ என்ற பயத்தில் ஆய்வுக்கூடம் இருக்கிற மாடிக்கே ஏறியதில்லை என்று சொல்லி, தலைவரைவிட ஒரு படி மேலான நடுநிலையை நிறுவினார்.

ஒரே மூளையை இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியை வெட்டுப் பிரிவுக்கும் மறு பாதியைக் கரைப்புப் பிரிவுக்கும் கொடுப்பது என்று முடிவானது. உடனே இடது பாதியும் வலது பாதியும் சமமா என்ற கேள்வி எழுந்தது. எண்ணிப் பார்த்தால்தான் தெரியும் என்றார் பெரிய மாப்பிள்ளை. எந்த முறைப்படி எண்ணுவது என்று கேட்டார் இயக்குநர். அதைத் தீர்மானிக்கத்தானே குழு என்றார் நிர்வாக அதிகாரி. மூன்று கூட்டங்கள் இதிலேயே போயின. கடைசியில் இரண்டு பாதிகளும் சமம் என்று ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. சம்பந்தப்பட்ட எலிக்கு நகல் அனுப்ப வழியில்லாததால் தீர்மானம் கோப்பில் வைக்கப்பட்டது.

இடது பாதி பெரிய மாப்பிள்ளைக்கு வந்தது. வலது பாதி சகலைக்குப் போனது. இரண்டும் சமம் என்று கையெழுத்துப் போட்டவர்களில் பெரிய மாப்பிள்ளையும் ஒருவர். ஆனாலும் அன்று முழுக்க அவருக்கு ஒரே யோசனை, வலது பாதியை ஏன் அவருக்குக் கொடுத்தார்கள்?

எண்ணிக்கை தொடங்கியது. முதல் நாள் மத்தியானம் மூன்றரை மணிக்குச் சகலை தன் பாதியை அரைத்து, குலுக்கி, எண்ணி, முடித்துவிட்டார். பெரிய மாப்பிள்ளை அப்போதுதான் தன் பாதியை இறுக வைக்க மருந்தில் போட்டிருந்தார். குழு அவசரமாகக் கூடியது. ஒருவருக்கு நாற்பது நாளும் இன்னொருவருக்கு அரை நாளும் கொடுத்து ஒப்பிடுவது அநீதி என்று நிர்வாக அதிகாரி சுட்டிக்காட்டினார். ஆகவே சம வாய்ப்பு தரும் பொருட்டு கரைப்புப் பிரிவும் நாற்பது நாள் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று ஆணை வந்தது. வேலையை முடித்துவிட்டேனே என்றார் சகலை. முடித்ததை நிதானமாக முடிக்கும்படி அறிவுறுத்தப்பட்டார்.

இருவரையும் கண்காணிக்க ஒரு பார்வையாளர் நியமிக்கப்பட்டார். இரண்டு அறைகளுக்கும் நடுவே நடைவழியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, சாயங்காலம் தோறும் அன்றைய மதிப்பீட்டைக் கேட்டுப் பதிவேட்டில் இரண்டு பத்திகளாக எழுதிக்கொள்வது அவர் வேலை. பெரிய மாப்பிள்ளையின் மதிப்பீடு சில்லுக்குச் சில்லு கொஞ்சம் ஏறி இறங்கியது. சகலையின் எண் தினமும் ஒன்றேதான். பார்வையாளர் அதையும் தினமும் கேட்டு, தினமும் அதே எண்ணை எழுதி, தினமும் கையெழுத்து வாங்கினார். ஒருவர் எண் மற்றவருக்குத் தெரியக் கூடாது. நாற்பது நாளும் இருவரும் செல் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது.

பெரிய மாப்பிள்ளை கட்டம் கட்டமாக எண்ணினார். கழுத்து வலித்தது. தலையை நிமிர்த்தும்போதெல்லாம் எதிர் அறையில் சகலை சன்னலோரம் நின்று வெளியே பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது. அந்த முதுகில் ஒரு அவசரமும் இல்லை. நாம் ஒரு நாளில் எண்ணூறு செல்லை எண்ணுகிறோம், அந்த ஆள் சம்பளம் வாங்கிக்கொண்டு மரத்தை எண்ணுகிறார் என்று நினைத்ததும் அவர் வயிறு எரிந்தது. எண்ணிக்கை மறந்துபோய் அந்தக் கட்டத்தைத் திரும்ப எண்ண வேண்டியதாயிற்று. அதற்கும் சகலைதான் காரணம் என்று மனசுக்குள் குறித்துக்கொண்டார்.

முப்பதாம் நாள் இயக்குநர் அவரை நடைவழியில் நிறுத்தித் தோளில் கை போட்டார்.

"உங்களுக்கு மட்டும் சொல்றேன். எண்ணுறதுங்கறது தேடுறதுதான். யாருக்கு அதிகமாக் கிடைக்குதோ அவர்தான் ஒழுங்காத் தேடியிருக்காருன்னு அர்த்தம். இது விஞ்ஞானம் இல்ல, பொது அறிவு. எனக்கு விஞ்ஞானத்தைவிடப் பொது அறிவு கொஞ்சம் அதிகம், அதனாலதான் இந்தப் பதவிக்கே வந்தேன்."

தன் எண் எப்போதும் குறைவு என்பது பெரிய மாப்பிள்ளைக்கு ஆண்டறிக்கையிலேயே தெரியும்.

அந்த வாரக் கடைசியில் சகலையின் மகளுக்குப் பிறந்தநாள். மாமியார் வீட்டில்தான் விருந்து. செல் பற்றிப் பேசாமலிருக்கிறார்களா என்று உறுதிசெய்ய விருந்துக்கும் வருவது தன் கடமை என்று பார்வையாளர் கருதினார். வந்தவர் இரண்டு மாப்பிள்ளைகளுக்கும் நடுவே உட்கார்ந்தார். ஒருவர் ஊறுகாயைக் கேட்டாலும் அவர் வழியாகத்தான் போனது. குழந்தை கேக் வெட்டியபோது சகலை சிரித்துக்கொண்டே அழகாக வெட்டுகிறாள் என்று சொல்ல, வெட்டு என்ற சொல்லைத் தவிர்க்கும்படி பார்வையாளர் தாழ்ந்த குரலில் கேட்டுக்கொண்டார். மற்றபடி அவர் நன்றாகவே சாப்பிட்டார்.

பதிவேட்டை அவர் கையோடு கொண்டுவந்திருந்தார். கைகழுவப் போகும்போது அதை யாரிடம் கொடுப்பது என்ற சிக்கல் எழுந்தது. இரு தரப்புக்கும் சமமான உறவு உள்ளவர் மாமியார் ஒருவரே என்று யோசித்து அவரிடம் ஒப்படைத்தார். மாமியார் அதை வாங்கிச் சமையலறையில் குளிர்பெட்டியின் மேல் வைத்துவிட்டுக் கேக்குக்குத் தட்டு எடுக்கப் போனார்.

பெரிய மாப்பிள்ளைக்குத் தாகமெடுத்தது. சமையலறைக்குப் போனார். தண்ணீர் பிடிக்கத் தொடங்கி, குழாயை மூடாமலே கையை நீட்டிப் பதிவேட்டைப் பிரித்தார். சகலையின் பத்தியில் மேலிருந்து கீழ்வரை ஒரே எண் முப்பத்து மூன்று தடவை எழுதியிருந்தது. பதினேழு கோடியே எழுபத்து நான்கு இலட்சம். அவருடையது பதினைந்து கோடியே பன்னிரண்டு இலட்சம்.

எண் என்பதற்கு அழகு உண்டா? அன்று அவருக்கு இருந்தது. அந்தப் பதினேழு கோடி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றது. தன் பதினைந்து கோடி கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தது. இத்தனை நாளும் சகலையின் முடியைப் பார்த்திருக்கிறார், வண்டியைப் பார்த்திருக்கிறார், சன்னலைப் பார்த்திருக்கிறார். அவற்றில் எதையும் எடுத்துக்கொள்ள முடியாது. எண்ணை எடுத்துக்கொள்ளலாம்.

மீதி ஏழு நாளில் அவர் அதைச் செய்தார். சீவிய துண்டு காய்ந்தால் சுருங்கும். சுருக்கத்துக்கு ஈடுகட்ட அதன் தடிமனை அளந்து பெருக்குவது வழக்கம். அவர் தடிமனை அளந்தார். பிடிக்கவில்லை. வேறு இடத்தில் அளந்தார். அதுவும் பிடிக்கவில்லை. பதினோராவது தடவை அளந்தபோது துண்டு அவர் மனசறிந்து நடந்துகொண்டது. பதினேழு கோடியே எழுபது இலட்சம் வந்தது. அப்படியே எடுத்தால் சந்தேகம் வருமே என்று நான்கு இலட்சத்தைச் சகலைக்கு விட்டுக்கொடுத்தார். இருபத்தொரு வருஷத்தில் அவர் செய்த முதல் திருட்டு அது. சுலபமாகவே இருந்தது. அதுதான் அவருக்கே கொஞ்சம் பயமாக இருந்தது.

நாற்பதாம் நாள் குழு கூடியது. உறைகளைப் பிரித்து இயக்குநர் வாசித்தார். வெட்டுப் பிரிவு, பதினேழு கோடியே எழுபது இலட்சம். பெரிய மாப்பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கரைப்புப் பிரிவு, பதினைந்து கோடியே பதினைந்து இலட்சம்.

அவர் தலையைத் தூக்கினார். எதிரே சகலையும் அப்போதுதான் தலையைத் தூக்கினார். இருவர் கண்ணும் சந்தித்தன. வாயைத் திறந்தால் மாட்டிக்கொள்வது தானும்தான் என்பது இருவருக்கும் ஒரே கணத்தில் புரிந்தது. இருவரும் மேசையைப் பார்த்தார்கள்.

இயக்குநர் பழைய ஆண்டறிக்கையை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு முகம் மலர்ந்தது.

"வித்தியாசம் அன்னைக்கு எவ்வளவோ இன்னைக்கும் கிட்டத்தட்ட அவ்வளவேதான் இருக்கு. ஆக நம்ம நிலையத்தோட துல்லியம் குறையலை. ஆனா எண்கள் இடம் மாறி உட்கார்ந்திருக்கு. வெட்டுப் பிரிவோட எண் கரைப்புக்குப் போயிடுச்சு, கரைப்போடது வெட்டுக்கு வந்துடுச்சு. எண்ணை நாம திரும்ப அழைக்க முடியாது. ஆளை மாற்றலாம். இவரை அங்கேயும் அவரை இங்கேயும் உட்கார வெச்சா எல்லா எண்ணும் தத்தம் இடத்துக்கு வந்துடும். எந்தப் பிரிவையும் மூட வேண்டாம். குழுவையும் கலைக்க வேண்டாம்."

கடைசி வாக்கியத்துக்குத்தான் கைதட்டல் அதிகமாக இருந்தது.

கூட்டம் முடிந்து எல்லாரும் போனபிறகு மாடிப்படியில் சகலை அவரைப் பிடித்துக்கொண்டார்.

"நானும் தண்ணி குடிக்கத்தான் போனேன், அண்ணே" என்றார் சகலை.

"உங்க எண்தானே பெரிசு. அதை விட்டுட்டு என்னுதை எதுக்கு எடுத்தீங்க?"

நிர்வாக அதிகாரி ஒரு நாள் தன்னிடம் வந்து, குறைவாகச் சொல்பவனே நிதானமானவன், அதிகம் சொல்பவன் ஒன்றையே இரண்டு தடவை எண்ணியிருப்பான் என்று காதில் போட்டுவிட்டுப் போனார் என்று சகலை சொன்னார். அதுகூடப் பெரிதில்லை, முப்பத்தொன்பது நாள் ஒரே எண்ணைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றதில் அதன்மேல் இருந்த நம்பிக்கையே போய்விட்டது என்றார்.

"அத்தை வேற எப்பப் பார்த்தாலும் உங்களைத்தான் சொல்லுவாங்க. பெரிய மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்து செய்யணும், அவருக்கு இருக்கற பொறுமை உங்களுக்கு ஏது அப்படின்னு. என் வீட்டுக்காரியும் அதையே சொல்லுவா. உங்களைப் பார்த்து எனக்கு எத்தனை வருஷமா வயித்தெரிச்சல் தெரியுமா?"

பெரிய மாப்பிள்ளை இதைக் கேட்டு உருகிப்போயிருக்க வேண்டும். உருகவில்லை. வெயிலில் நடந்து வந்தவனுக்கு மோர் கிடைத்த மாதிரி இருந்தது. வேறு என்னவெல்லாம் சொல்வார்கள் என்று கேட்கத் தோன்றியது. கேட்டும்விட்டார். சகலை சொன்னார். கேட்டு முடித்தபிறகுதான் உண்மையான எண்களைக் கொடுத்துவிடுவது என்று இருவரும் முடிவு செய்தார்கள்.

இயக்குநர் அவர்கள் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். கோபப்படவே இல்லை. தவறான எண்கள் குழுவின் முத்திரையோடு உறையில் வந்தவை, முறைப்படி ஏற்கப்பட்டவை என்று விளக்கினார். இவர்கள் இப்போது கொண்டுவந்திருக்கும் சரியான எண்களுக்கு உறை இல்லை, முத்திரை இல்லை, பதிவேட்டில் இருப்பவை வெறும் தினசரி மதிப்பீடுகள், முடிவுகள் அல்ல.

"உண்மைங்கறதுக்காக ஒரு எண்ணுக்குச் சலுகை காட்ட முடியாது" என்று சொல்லி, தண்ணீர் குடிக்கிறீர்களா என்று கேட்டார். இருவரும் வேண்டாம் என்றார்கள்.

இட மாற்றம் நடந்தது. புது மூளை ஒன்றைப் பிளந்து ஆளுக்கொரு பாதி கொடுத்து, மறுபடியும் நாற்பது நாள் எண்ணிக்கைக்கு உத்தரவானது. ஒருவர் வேலையை மற்றவருக்குக் கற்றுக்கொடுக்கும் வகையில் ஆளுக்கொரு குறிப்பு எழுதித் தர வேண்டும் என்பது ஆணை. பெரிய மாப்பிள்ளை அரைப் பக்கம் எழுதினார். அதில் எல்லாம் இருந்தது, ஒன்றைத் தவிர. துண்டின் மேல்பரப்பிலேயே வெட்டுப்பட்டுத் தெரிகிற செல்லை எண்ணக் கூடாது. நுண்ணோக்கியின் குவியத்தை மெல்லக் கீழே இறக்கும்போது உள்ளேயிருந்து தெளிந்து வருவதை மட்டுமே எண்ண வேண்டும். இல்லாவிட்டால் கத்தி இரண்டாக்கிய ஒரே செல் இரண்டு துண்டிலும் கணக்காகிவிடும். இதை அவர் மறக்கவில்லை. பேனாவை எடுத்தார், யோசித்தார், மூடி வைத்துவிட்டார். இருபத்தொரு வருஷம் கழுத்து வலிக்கக் கற்றதை அரை நாளில் தூக்கிக் கொடுக்க அவருக்கு மனசு வரவில்லை.

சகலையின் அறையில் சன்னல் இருந்தது. இரண்டு நாள் அதன் வழியே பார்த்தார். மூன்றாம் நாள் பார்க்க ஒன்றுமில்லை. எதிர் அறையில், தன் பழைய நாற்காலியில், சகலை குனிந்து எண்ணிக்கொண்டிருந்தார். பத்து நாளில் சகலையின் மதிப்பீடு இருபது கோடியைத் தாண்டிவிட்டதாகப் பார்வையாளர் யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது. இருபது கோடி செல் உள்ள எலிப் பாதி இந்த உலகத்தில் கிடையாது. பெரிய மாப்பிள்ளை அன்று வீட்டில் இரண்டு கவளம் கூடச் சாப்பிட்டார். என்ன விசேஷம் என்று மனைவி கேட்டதற்கு, பசி என்றார்.

மறுநாள் அவர் தன் பங்குப் பாதியை அரைக்க வேண்டியிருந்தது. சகலை தந்த குறிப்பை அப்போதுதான் முழுதாகப் படித்தார். எட்டுப் பக்கம், படங்களோடு. குழவியை எத்தனை தடவை இறக்க வேண்டும், நுரை வந்தால் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும், எந்தக் குழாய் ஒழுகும், எல்லாம் இருந்தது. எட்டாம் பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில் இப்படி எழுதியிருந்தது.

"அண்ணே, நான் இத்தனை வருஷமா இருபது நிமிஷம்தான் குலுக்கியிருக்கேன். அது போதாதுன்னு எனக்கே தெரியும். அடியில தங்கிடும், சொட்டை அடியிலேர்ந்து எடுக்கறதால எண் ஏறிப்போகும். நாற்பது நிமிஷம் குலுக்கணும். எனக்குப் பொறுமை இல்ல. உங்களுக்கு இருக்கு. இதை வேற யார்கிட்டயும் சொன்னதில்ல."

பெரிய மாப்பிள்ளை அதை இரண்டு தடவை படித்தார். முகம் சுட்டது. முடி, வண்டி, சன்னல், எண், இதெல்லாம் போகட்டும். கடைசியில் நல்ல மனசிலும் இந்த ஆள் தன்னை முந்திக்கொண்டு போய்விட்டாரே என்பதை மட்டும் அவரால் பொறுக்க முடியவில்லை. எட்டுப் பக்கத்துக்கு அரைப் பக்கம். இது மாமியார் காதுக்குப் போனால் என்ன ஆகும் என்று ஒரு கணம் நினைத்துப் பார்த்தார். நடைவழியில் பார்வையாளர் உட்கார்ந்திருப்பதையும் பொருட்படுத்தாமல் எதிர் அறைக்குள் நுழைந்து, சகலையின் தோளுக்குப் பின்னால் நின்றார்.

"மேலாப்பல தெரியறதை எண்ணாதீங்க. கீழே இறக்கி, உள்ளேயிருந்து வர்றதை மட்டும் எடுங்க. நான் எழுத விட்டுட்டேன்."

"மறந்துட்டீங்களா?"

"மறக்கலை."

சகலை நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமல் குவியத்தை இறக்கினார். ஒரு கட்டத்தை எண்ணி முடித்துவிட்டு, சரி அண்ணே என்றார். அதற்கு மேல் அதைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பெரிய மாப்பிள்ளைக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

பெரிய மாப்பிள்ளை தன் அறைக்குப் போய் நாற்பது நிமிஷம் குலுக்கினார். மனசு ஆறாமல் இன்னும் பத்து நிமிஷம் குலுக்கினார். அவர் பார்த்த சொட்டில் உட்கருக்கள் விதைத்த வயல் மாதிரி சீராகப் பரவியிருந்தன. சகலை முதலிலிருந்து தொடங்கி எண்ணிய சில்லையெல்லாம் திரும்ப எண்ணினார். அவருடைய இளங்கண்ணுக்கு, பெரிய மாப்பிள்ளையின் கண் சில வருஷமாகத் தவறவிட்டு வந்த சின்னஞ்சிறு மங்கல் செல்களும் தெரிந்தன. அதை அவர் பெரிய மாப்பிள்ளையிடம் சொல்லவில்லை. ஆனால் பின்னால் உறையில் எண்ணைப் பார்த்தபோது பெரிய மாப்பிள்ளைக்குத் தானாகவே புரிந்துபோயிற்று. மறு வாரமே புதுக் கண்ணாடிக்கு எழுதிக் கொடுத்தார்.

நாற்பதாம் நாள் உறைகள் பிரிக்கப்பட்டன. வெட்டுப் பிரிவு, பதினாறு கோடியே நாற்பத்து மூன்று இலட்சம். கரைப்புப் பிரிவு, பதினாறு கோடியே நாற்பது இலட்சம்.

இயக்குநர் இரண்டு தாள்களையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நிர்வாக அதிகாரியின் நெற்றி வியர்த்தது. பதினொரு கூட்டம் நடத்திய குழு அது. அதற்கு உபகுழு இரண்டு, தனி அறை ஒன்று, பெயர்ப் பலகை ஒன்று. வித்தியாசமே இல்லையென்றால் ஒப்பிட என்ன இருக்கிறது? நிலையத்தின் வரலாற்றில் இரண்டு பிரிவுகள் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனதாகப் பதிவே இல்லை என்று பழைய கோப்புகளைப் பார்த்தவர்கள் சொன்னார்கள். இரண்டு எண்ணுநர்களும் செல் பற்றிப் பேசிக்கொண்டதைத் தான் கண்ணால் கண்டதாகப் பார்வையாளர் சாட்சி சொன்னார்.

இரண்டு நாளில் அறிவிப்பு வந்தது. முன் அனுமதியின்றியும் குழுவைக் கலந்தாலோசிக்காமலும் இரு எண்ணிக்கை முறைகளையும் ஒத்துப்போகச் செய்த செயலுக்கு ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று ஏழு நாளுக்குள் எழுத்து மூலம் விளக்கம் தர வேண்டும். கீழே இருவர் பெயரும் இருந்தன.

பெரிய மாப்பிள்ளை அதை நின்றபடியே வாசித்தார். கடைசி வரிக்கு வந்ததும் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மறுபடி பார்த்தார். அவருடைய பெயர் முதலில் இருந்தது. சகலையின் பெயர் இரண்டாவது. நிலையத்தில் அவர் சேர்ந்த நாளிலிருந்து எந்தக் காகிதத்திலும் எதற்கும் அவர் முதலாக வந்ததில்லை. குற்றச்சாட்டுதான், ஆனாலும் தட்டச்சு நன்றாக இருந்தது.

சகலை அதை வாங்கிப் படித்தார். படித்து முடிக்க ஆகிற நேரத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் கையில் வைத்திருந்தார்.

"வரிசையை எதை வெச்சுப் போட்டிருக்காங்க, அண்ணே?" என்று கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டார். ஆனால் அந்தச் சாதாரணத்தைப் பெரிய மாப்பிள்ளைக்கு நன்றாகத் தெரியும். வருஷக்கணக்காக அவரே பழக்கி வைத்திருந்த குரல் அது.

"பிரிவு அகர வரிசையா இருக்கும். கரைப்பு முதல்ல வரும், வெட்டு பின்னால" என்றார் பெரிய மாப்பிள்ளை, குரலில் ஒன்றும் காட்டாமல்.

"நான் அங்க இருந்தப்ப இப்படி ஒரு காகிதமும் வரலையே" என்றார் சகலை.

இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து விளக்கத்தை எழுதினார்கள். பெரிய மாப்பிள்ளை சொல்லச் சொல்லச் சகலை எழுதினார். சொற்களில் ஒரு கருத்து வேறுபாடும் வரவில்லை, அரை மணியில் முடிந்துவிட்டது. யார் முதலில் கையெழுத்துப் போடுவது என்பதில்தான் சாயங்காலம் ஆகிவிட்டது.